ஆளெடுப்பும் கொட்டையெடுப்பும்

நேற்று மத்தியானம் மலைமேல் இருக்கும் என் புளிக் கொட்டகைக்கு ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து இறங்கிய மூன்று பேர், இங்கே வேலை செய்கிற பெண்களுக்கு என்னென்ன வேலை தெரியும், இன்னும் எதைப் பழகிக்கொள்ள விருப்பம் என்று கணக்கெடுக்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். மேடம், அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நார் ஒட்டிய கையாலேயே வாயை மூடிக்கொண்டேன். கை முழுக்கப் புதுப்புளி வாசனை. அந்த வாசனையோடு நீங்கள் வந்து எதிரே நின்றீர்கள்.

நீங்கள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் தங்கை மெட்ராஸிலிருந்து சொல்லியனுப்பியபோது கொட்டகை நிறையச் சரக்கு. சீசன் முடியட்டும், அழுதுகொள்ளலாம் என்று தள்ளிவைத்தேன். சீசன் முடிந்தும் அழுகை வரவில்லை. உங்களை நினைத்தால் எனக்குப் பரபரப்புத்தான் வருகிறது. லாரி வந்து நிற்கிற சத்தம் கேட்ட மாதிரி எழுந்துவிடுகிறேன். இதைக்கூட நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், தராசு மேஜைமேல் காகிதத்தை வைத்து.

நீங்கள் முதல் தடவை வந்ததும் ஒரு பங்குனியில்தான். எழுபதுகளின் கடைசி. அப்போது மலைமேல் எனக்கு ஒரு கூரைகூடக் கிடையாது. படவேட்டுப் பக்கம், பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு வாடகைக் கிடங்கு, அவ்வளவுதான். கூடையில் புளி சுமந்து தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்த நான் அந்தக் கிடங்கைப் பிடித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தது. நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் மலைக்கு வழி கேட்டிருக்கிறீர்கள். "மலைக்கா? புளிக்காரம்மாவக் கேளுங்க" என்று கை காட்டிவிட்டார்கள்.

தோளில் துணிப்பை. புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. புடவையும் ஷூவும் சேர்த்துப் போட்ட பெண்ணை எங்கள் பக்கம் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நர்சம்மாவா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. தொழிலாளர் ஆராய்ச்சி."

"ஆராய்ச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

"கேள்வி கேப்போம்."

"கேள்வி கேக்கறதுக்கு மாசச் சம்பளமா!"

கோபப்படுவீர்கள் என்று பார்த்தேன். "ஆமாங்க, பதில் சொல்றவங்களுக்குத்தான் ஒண்ணும் தர மாட்டோம்" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது.

கிடங்கில் மூட்டைமேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னீர்கள். சர்க்கார் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் ஆரம்பிக்கப்போகிறது. அதை எங்கே வைப்பது, அதில் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவுசெய்ய, மலையிலும் அடிவாரத்திலும் வீடு வீடாகக் கேட்டுவரச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள். மலையில் யாருக்கும் எந்த வேலையும் தெரியாது, பழகவும் விருப்பமில்லை என்று நீங்கள் எழுதினால் மலையை அதோடு மறந்துவிடுவார்கள். அந்த வாரக் கடைசியில் நீங்கள் திரும்பியாக வேண்டும்.

எனக்கு மூக்கில் வேர்த்தது. மலையிலிருந்து புளியை ஓட்டோடும் கொட்டையோடும் மூட்டை கட்டித்தான் அப்போது லாரியில் இறக்கிக்கொண்டிருந்தேன். மண்டியில் விலை போவது சதைக்கு. லாரி வாடகை கொடுத்துக்கொண்டிருந்ததோ ஓட்டுக்கும் கொட்டைக்கும் சேர்த்து. மலையிலேயே ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, தரம் பிரித்து, அழுத்திக் கட்டிவிட்டால் லாரியில் போவது முழுக்கக் காசாகும் சரக்கு. ஆனால் அதற்குப் பழகின கை வேண்டும். வீட்டுக் குழம்புக்குக் கொட்டை எடுப்பது யாருக்கும் வரும். மண்டிக்கு எடுப்பது வேறு. சதை நசுங்கக் கூடாது, நார் தங்கக் கூடாது, கறுப்பும் சிவப்பும் கலக்கக் கூடாது. பழக்கிவிடுகிற செலவில் ஒரு பங்கைச் சர்க்கார் தலையில் வைத்தால் என்ன என்று அந்த மூட்டையருகில் நின்றபடியே யோசித்துவிட்டேன்.

"வாங்க மேடம், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். உங்கள்மேல் இரக்கப்பட்டு அல்ல. அது உங்களுக்கும் தெரியும்.

மலையேறிப் போனோம். முதல் ஊரில் ஓர் ஆண்பிள்ளையைக் காணோம். பாதி வீடுகள் சாத்தியிருந்தன. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்த வீட்டில்கூட ஆள் இல்லை. டீக்கடையில் நீங்கள் சொன்ன "தொழிலாளர் கணக்கெடுப்பு" நமக்கு முன்னால் மலையேறியிருந்தது. ஏறுகிற வழியில் இளைத்து, கணக்கு உதிர்ந்து, "ஆளெடுப்பு" ஆகியிருந்தது.

ஆளெடுப்பு என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை வெளியூர் மேஸ்திரி வருவான். கையில் முன்பணம் கொடுத்து, காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவான். போனவர்கள் சொன்ன மாதத்தில் திரும்புவதில்லை. அவன் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "உனக்கு இன்னா வேலை தெரியும்?"

உங்கள் காகிதத்திலும் முதல் கேள்வி அதுதான்!

முனியம்மாவை அங்கேதான் பார்த்தோம். வாசலில் உட்கார்ந்து மூங்கில் பிளாச்சில் கூடை பின்னிக்கொண்டிருந்தாள். ஓடவில்லை.

"கணக்கெடுக்க வந்திருக்கோம்மா" என்றீர்கள்.

"ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி கணக்குதான எடுப்பாங்க."

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"கூடை பின்றீங்களே?"

அவள் கூடையைப் பார்த்தாள். மெதுவாக அதைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். "இது என் வூட்டுக் கூட."

காலில் அடிபட்டு ஓட முடியாமல் இருந்த பக்கத்து வீட்டுக்காரர், கலப்பையைச் செதுக்கிக்கொண்டே, "எனக்கு ஒரு வேலையும் வராதுங்க" என்றார். சொல்லிவிட்டு உளியை ஊதித் தூசி தட்டினார். எனக்குச் சிரிப்பு. உங்களுக்கு முகம் செத்துவிட்டது.

சாயங்காலம் கிடங்குக்குத் திரும்பி, காகிதங்களை விரித்து உட்கார்ந்தீர்கள். எல்லாவற்றிலும் "இல்லை", "தெரியாது".

"இத அப்படியே கொண்டுபோனா மலைக்கு ஒண்ணும் கிடையாது அக்கா. எழுதாமலும் இருக்க முடியாது. சொன்னதத்தான எழுதணும்."

"சந்தையில ஒருத்தன் வர்றான்னு வெச்சுக்குங்க. என் மூட்டையத் தொட்டுப் பாக்கறான், மோந்து பாக்கறான், வெல கேக்காம போறான். நான் இன்னா நினைப்பேன்?"

"வாங்க மாட்டார்னு."

"திருட வந்திருக்கான்னு நினைப்பேன்! நீங்க அதத்தான் பண்றீங்க மேடம். உங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லாம, வூடு வூடா தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க."

நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் மறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, "நாளைக்கு மலையில சந்தைன்னு சொன்னீங்களே" என்றீர்கள். நமக்கு என்ன வேண்டும் என்பதைச் சந்தையில் நின்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் நீங்கள் சாப்பிடவே இல்லை, பேசிக்கொண்டே இருந்தீர்கள்.

மறுநாள் சந்தையில் ஒரு மாட்டு வண்டிமேல் நின்றோம். நான்தான் பேசுவதாக ஏற்பாடு. எனக்குத்தான் தொண்டை இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பொறுக்கவில்லை. நான் வாய் திறப்பதற்குள், இரண்டு கைகளையும் தூக்கி, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினீர்கள்:

"நாங்க ஆளெடுப்புக்கு வரல! கொட்டையெடுப்புக்கு வந்திருக்கோம்!"

சந்தை அப்படியே நின்றுவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆண்களைப் பிடித்துப்போன பயம் இன்னும் ஆறாத நேரம் அது. பின்னாலிருந்து ஒருத்தன் நடுங்கிய குரலில் கேட்டான்:

"யாரோட கொட்டைங்கம்மா?"

இரண்டு பேர் நிஜமாகவே ஓடினார்கள். நான் கத்தினேன்: "புளியோடதுடா, உக்காரு! உன்னோடத எந்த மண்டியிலடா வாங்குவான்?"

அந்தச் சிரிப்பு! பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். ஓடினவர்கள் அசடு வழியத் திரும்பி வந்தார்கள். நீங்கள் முதலில் புரியாமல் விழித்து, புரிந்ததும் முகம் சிவந்து, பிறகு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து நீங்கள் மலை முழுக்கக் "கொட்டையெடுப்பு மேடம்". எந்த ஆபீஸிலும் உங்களுக்கு இப்படி ஒரு பட்டம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சிரித்த கூட்டம் கிட்டே வந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னேன். இங்கேயே கொட்டகை போடுகிறேன், மண்டிக்கு எடுக்கிற மாதிரி கொட்டை எடுக்கப் பழக்குகிறேன், வேலை இங்கேயே. உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களும் சொன்னீர்கள்: "நீங்க என்ன செய்வீங்கன்னு தெரிஞ்சாத்தான், மேற்கொண்டு என்ன பழக்கலாம்னு நான் மேல சொல்ல முடியும்."

முனியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இடுப்பில் அந்தக் கூடை.

"எங்க வூட்டுக்காரரு ஆடியில தோட்டத்துக்குப் போனாரு. பொங்கலுக்கு வர்றேன்னாரு. பங்குனி வந்துடுச்சு. அடுத்த தபா மேஸ்திரி வந்தா நானும் போய்டலாம்னு கீறேன், புள்ளைங்கள எங்க அண்ணன் வூட்ல உட்டுட்டு. இங்கியே வேலைன்னா நான் ஏன் போறேன்? சொல்லு புளிக்காரம்மா, பழகற நாளுக்குக் கூலி உண்டா?"

"பழகற நாளுக்கு எவனாவது கூலி குடுப்பானா?" என்றேன். "சரக்க நசுக்குவ, நார உடுவ. அந்த நஷ்டம் என்னது."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கீழ தோல் பதனிடற ஷாப்புலயும் இதான் சொன்னாங்க அக்கா. நான் போய்ப் பார்த்தேன். பழகற பொண்ணுங்களுக்குக் கூலி இல்ல. வீட்ல அடுப்பு எரியணுமே, பாதியில நின்னுட்டாங்க. பழக்கின செலவும் போச்சு, ஆளும் போச்சு."

அது எனக்கு உறைத்தது. பாதியில் நிற்கிற ஆள், பாதி வழியில் நிற்கிற லாரி மாதிரி. "சரி, கூலி உண்டு" என்றேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்த உற்சாகத்தில் நான் ஒரு வார்த்தை கூடப் பேசிவிட்டேன்:

"கொஞ்சம் முன்பணமும் தர்றேன். ஆனா பழகினப்பறம் ரெண்டு சீசன் எங்கிட்டதான் இருக்கணும்."

முன்பணம் என்ற சொல் விழுந்ததும் சந்தை பனி பெய்த மாதிரி குளிர்ந்துவிட்டது. முனியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூடையோடு திரும்பி நடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருத்தியாகக் கலைய ஆரம்பித்தார்கள்.

நீங்கள் என் கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனீர்கள். எவ்வளவு வேகமாகச் சண்டை போட்டோம்!

"மேஸ்திரி பேச்ச நீங்க பேசறீங்க அக்கா."

"பழக்கிவிட்டு அடுத்த கடைக்காரனுக்கு அனுப்பவா நான் கட வெச்சிருக்கேன்? நான் செலவு பண்ணுவேன், அவன் நோகாம கூட்டிட்டுப் போவானா?"

"எங்க கூட்டிட்டுப் போவான்? அவன் கடை திருப்பத்தூர்ல. உங்க கொட்டகை அவங்க வீட்டுக்குப் பக்கத்துல. மலைய விட்டு இறங்கணும்னா அவன் எவ்வளவு கூட்டிக் குடுக்கணும்? உங்களுக்கு லாரி வாடகையில மிச்சமாகுதே, அது அவனுக்கு உண்டா?"

மனசுக்குள் கூட்டிக் கழித்தேன். திருப்பத்தூர்க்காரன் எனக்கு மேல் கொடுத்துக் கட்டுப்படி ஆகாது. மாடு தானாகவே கொட்டகைக்கு வருகிறபோது நான் ஏன் கயிற்றுக்குக் காசு கொடுக்க வேண்டும்? கட்டிப்போடக் கேட்டது தப்பென்று நான் இப்போதும் சொல்லமாட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் உங்கள் கணக்கு என் கணக்கைவிட நல்ல வியாபாரம். அது தெரிந்த பிறகு வீம்பு பிடிக்க நான் முட்டாள் இல்லை.

நான் வண்டிமேல் மறுபடி ஏறி, "முனியம்மா! முன்பணம் கெடையாது! கட்டும் கெடையாது! பழகிட்டு எங்க வேணாலும் போ!" என்று கத்தினேன்.

அவள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்: "நெசமா?"

"மேடம் சாட்சி."

"எந்த மேடம்?"

"கொட்டையெடுப்பு மேடம்!" என்று நீங்களே கத்தினீர்கள். சந்தை மறுபடி சிரித்தது. முனியம்மா திரும்பி வந்து, இடுப்பிலிருந்த கூடையை வண்டிமேல் வைத்து, உங்களைப் பார்த்துச் சொன்னாள்: "எழுதிக்கோ. எனக்குக் கூட பின்ன வரும். புளி உலுக்க வரும். இதுவும் வரும், பழக்கினா."

அதற்கப்புறம் நடந்ததுதான் என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய சந்தை. மடை உடைந்த மாதிரி வந்தார்கள். எனக்குக் கூடு அழித்துத் தேன் எடுக்க வரும். எனக்குச் சுவர் வைக்க வரும். எனக்கு மாட்டுக்கு வைத்தியம் வரும். ஒருத்தன் "எனக்குச் சண்ட போட வரும், அதையும் எழுது" என்றான், அவன் மனைவி "அது ஒண்ணுதான் வரும்" என்றாள். காகிதம் தீர்ந்து, கடைக்காரரிடம் வெல்லம் மடிக்கிற தாளை வாங்கி அதிலும் எழுதினீர்கள். பஸ் போய்விட்டது. உங்கள் ஷூ முழுக்கச் செம்மண். அவ்வளவு சந்தோஷமாக ஒரு சர்க்கார் ஆளை நான் பார்த்ததே இல்லை.

பயிற்சி நிலையம் கடைசியில் கீழேதான் போனது. அதைக் கேள்விப்பட்டபோது நீங்கள் என்னைவிட அதிகமாகக் கொதித்தீர்கள். ஆனால் அதற்குள் நம் கொட்டகையில் முனியம்மாவும் அவளோடு சேர்ந்த பெண்களும் நார் நீக்கிப் பழகிவிட்டார்கள். நீங்கள் விடாமல் எழுதி எழுதி, பின்னால் கொட்டகையையும் ஒரு பயிற்சி இடம் என்று ஒப்புக்கொள்ள வைத்து, ஓர் அழுத்துமெஷினும் வாங்கித் தந்தீர்கள். முனியம்மாவின் வீட்டுக்காரர் சித்திரையில் திரும்பி வந்தார். மறுபடி தோட்டத்துக்குப் போகவில்லை. மூட்டை தூக்க வந்தவர், "வூட்லயும் இவ அதிகாரம், இங்கியும் இவ அதிகாரமா?" என்று இன்றுவரை முனகிக்கொண்டே தூக்குகிறார்.

பழகினவர்களில் போனவர்களும் உண்டு, மேடம். மறைக்கமாட்டேன். ஒருத்தி எனக்கு எதிராகவே பக்கத்து ஊரில் கொட்டகை போட்டாள். வயிறு எரிந்தது. அடுத்த தடவை நீங்கள் வந்தபோது உங்களிடம் சண்டைக்கு நின்றேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "அவங்க போன இடத்துக்கு யார் வந்தாங்க?" யோசித்துப் பார்த்தேன். போனவர்களின் தங்கைகளும் நாத்தனார்களும் வந்திருந்தார்கள். போக விடுகிற இடம் என்று தெரிந்ததால்தான் வந்திருந்தார்கள். ஆள் தேடி நான் ஒரு நாளும் மலை சுற்றவில்லை.

சரி, நேற்றைக்கு வருகிறேன். ஜீப்பில் வந்தவர்களில் மூத்தவர் முனியம்மாவிடம் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேலை தெரியும்மா?"

அவள் நிமிரவே இல்லை. "அத அப்பறம் சொல்றேன். உங்களுக்கு இன்னா வேணும், அத மொதல்ல சொல்லுங்க."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. பாவம், அவருக்கு ஏன் என்று தெரியவில்லை. பிறகு சொன்னார். மலையின் அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்களை ஒரு சீசன் இங்கே பழக்க வேண்டும். பழகுகிற காலத்தில் பாதிக் கூலி. முடிந்ததும் ஒரு வருஷம் என்னிடமே வேலை செய்வதாக அவர்கள் கைநாட்டு வைக்க வேண்டும்.

"உங்களுக்கு லாபமான ஏற்பாடுங்க" என்றார் என்னிடம்.

முனியம்மா இப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தச் சந்தையில் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாளே, அதே பார்வை.

"லாபம் எதுன்னு எனக்கு ஒருத்தங்க கத்துக்குடுத்துட்டாங்க சார்" என்றேன். "உக்காருங்க, பேசுவோம்."

டீ வரவழைத்துப் பேசினோம். நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். உங்கள் குரல்தான் என் வாயில் வந்தது, என் தொண்டையில். பொழுது சாய்வதற்குள் முடிந்தது. பேசி முடித்தது இதுதான்: பழகுகிற நாளிலும் முழுக் கூலி, அதில் பாதியை ஜீப்பில் வந்தவர்கள் கொடுப்பார்கள், பாதியை நான் கொடுப்பேன். அந்தப் பக்கத்துப் பெண்கள் வீடு போய்ச் சேர, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் வேலை முடிய வேண்டும். முன்பணம் இல்லை, கைநாட்டு இல்லை. பழகினவள் எந்தக் கொட்டகைக்குப் போனாலும், தானே ஒன்று போட்டாலும், யாரும் தடுக்கக் கூடாது.